ஒரே கடன், அவரவர் தவணை

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டோம். டீ வருவதற்குள் பத்து நிமிடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். உடற்பயிற்சி பற்றிப் பேச எனக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. ஆனாலும் பேச ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை, பெரிய வலியும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. காலில் அதற்கான பலம் இல்லை. என்னைத் தூக்க என் மனைவிக்கும் தெம்பில்லை. கடைசியில் வாட்ச்மேன் மேலே வந்து தூக்கிவிட்டார். அதுவரை ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிற ஆள் நான்!

டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நடக்கிறீர்கள், நல்லது. உட்கார்ந்து எழுவது, தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, இதையெல்லாம் எப்போது செய்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை.

நம் பூங்காவில் சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு இளைஞர்கள் செய்கிற பயிற்சி இதற்கானதுதான். ஃபங்ஷனல் ஃபிட்னஸ் என்கிறார்கள். அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான அசைவுகளையே வேகமாக, மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்வது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய க்ராஸ்ஃபிட் நிறுவனம் இதை உலகமெங்கும் பரப்பியது. அவர்களுடைய பயிற்சிகளில் பலவற்றுக்குப் பெண்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். 'சிண்டி' என்று ஒன்று. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் 5, தண்டால் 10, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 15. இது ஒரு சுற்று. 20 நிமிடத்தில் எத்தனை சுற்று முடிகிறது என்பதுதான் கணக்கு.

நான் சேர்ந்த முதல் நாள் பலகையில் இந்த சிண்டிதான் எழுதியிருந்தது. வகுப்பு நடத்துகிற பெண், "அங்கிள், நீங்கள் ஒரு நாற்காலி எடுத்துக்கோங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முதியோர் வரிசையில் தனியாக நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முப்பது வயதுப் பையன்களோடு சரிக்குச் சரியாக இறங்கினேன். நான்கு நாள் படி இறங்க முடியவில்லை. முழங்கால் வீங்கியது. இரண்டு மாதம் பூங்கா பக்கமே போகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

பிறகு அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்து விளக்கினாள். அவள் சொன்னதை நான் வங்கிக் கணக்காகப் புரிந்துகொண்டேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டுக் கடன் கேட்டு இரண்டு பேர் வருகிறார்கள். தொகை ஒன்றுதான், சம்பளம் வேறு. கையில் வாங்கும் சம்பளத்தைப் பார்த்துத்தான் மாதத் தவணையைப் போடுவோம். தவணை குறைவு என்று யாரும் வெட்கப்படுவதில்லை. தகுதிக்கு மீறித் தவணை போட்டால்தான் 90 நாளில் அது வாராக் கடன். என் முழங்கால் ஒரே நாளில் வாராக் கடன் ஆனது.

'ஸ்கேலிங்' என்று அவர்கள் சொல்வது இந்தத் தவணைப் பிரிப்புதான். பயிற்சியின் நோக்கத்தை மாற்றாமல் அளவை ஆளுக்கேற்ப மாற்றுவது. சிண்டியின் நோக்கம் என்ன? நிற்காமல், மூச்சு வாங்க, 20 நிமிடம் வேலை செய்துகொண்டே இருப்பது. நான் முதல் நாள் என்ன செய்தேன்? இரண்டாவது சுற்றிலேயே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றுவிட்டேன். மீதி நேரம் மூச்சு வாங்கியது மட்டும்தான். பலகையில் எழுதியதை அப்படியே செய்யப் போய், உண்மையில் சிண்டியை நான் செய்யவே இல்லை. நாற்காலியோடு நிற்காமல் செய்திருந்தால் செய்தவன் ஆகியிருப்பேன். இது மண்டையில் ஏறத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

எதையெல்லாம் மாற்றலாம்? எடை, எண்ணிக்கை, நேரம், அசைவு. இந்த நான்குதான். சிண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஸ்குவாட்: முதல் படியில், உயரமான நாற்காலியில் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து எழுங்கள். தேவையென்றால் மேலே ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். அடுத்த படி, கையை ஊன்றாமல் எழுவது. அதற்கடுத்தது நாற்காலி இல்லாமல். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆழமாக உட்கார வேண்டியதில்லை. உயரம் கூடினால் முழங்காலுக்குச் சுமை குறையும்.

தண்டால்: முதலில் சுவரில் கை ஊன்றி. பிறகு பூங்கா பெஞ்சில். பிறகு தரையில்.

புல்-அப்: முதலில் தூணில் கட்டிய ரப்பர் பட்டையை நின்றபடி நெஞ்சுவரை இழுப்பது. பிறகு இடுப்பு உயரக் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து, உடம்பை மேலே இழுப்பது. அதற்கப்புறம்தான் தொங்குவது.

நான் திரும்ப வந்தபோது எனக்குப் போட்ட தவணை இது: இழுப்பது 3, சுவர்த் தண்டால் 5, நாற்காலி 7. நேரம் 10 நிமிடம். இன்று அதே பெஞ்சில் 10 தண்டால், கை ஊன்றாமல் 15 தடவை எழுகிறேன், 16 நிமிடம். புல்-அப் இன்னும் ஒன்றுகூட வரவில்லை. பரவாயில்லை, தவணை தவறாமல் போகிறது.

அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேசிப் பாருங்கள். சரளமாகக் கதை பேச முடிந்தால் சுமை போதவில்லை. நாலைந்து வார்த்தை பேசி மூச்சு வாங்கினால் சரியான சூடு. ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் குறையுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், பேச்சையே நம்புங்கள்.

இது வயதானவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. ஒரு நாளில் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்காரும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். கல்லூரியில் தூக்கிய எடையை இன்று நேராகப் போய்த் தூக்காதீர்கள். பழக்கமில்லாத உடம்பு ஒரேயடியாக அளவுக்கு மீறிச் செய்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலில் அசைவு சரியாக வர வேண்டும். அடுத்து, விடாமல் செய்யும் பழக்கம். வேகமும் எடையும் கடைசியில்தான். வெட்கம் எதற்கு? க்ராஸ்ஃபிட் நடத்தும் உலகளாவிய போட்டியிலேயே 2015 முதல் அளவு குறைத்த பிரிவு தனியாக இருக்கிறது.

இன்னும் சில எச்சரிக்கைகள். இதய நோய், கட்டுப்படாத பி.பி., சமீபத்தில் ஆபரேஷன் இவை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், பி.பி. சட்டென்று ஏறும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் வலி, இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு செய்தால் போதும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு: வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடம் கடுமையான உழைப்பு. தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, தடுமாறாமல் நிற்பதற்கும் தசை பலத்துக்குமான பயிற்சி வாரம் மூன்று நாள். வாக்கிங் மட்டும் போதாது என்று நான் குளியலறைத் தரையில் கற்றுக்கொண்டதையே அவர்களும் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. தரையிலிருந்து எழுவதை வீட்டில் பழகுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. ஒருக்களித்துத் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றி, அசையாத நாற்காலி வரை தவழுங்கள். இரண்டு கையையும் அதன் இருக்கையில் வைத்து, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி எழுங்கள். போன மாதம் பேரனோடு தரையில் கேரம் விளையாடிவிட்டு, நாற்காலிகூட இல்லாமல் எழுந்தேன். அவன் கவனிக்கவே இல்லை, காயை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி மட்டும் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை அவளும் வந்தாள்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஹாலில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில், கால் ஆடாததாகப் பார்த்துப் பத்தை சனி, ஞாயிறு காலையில் பூங்காவுக்கு எடுத்துப்போக அனுமதி வேண்டும். பயிற்சி முடிந்ததும் எண்ணித் திருப்பி வைப்பது என் பொறுப்பு. எண்ணிக்கையில் இதுவரை நான் தவறியதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கும் நண்பர்களே, ஏற்கெனவே நீங்கள் முதல் படியில்தான் இருக்கிறீர்கள். உட்கார்ந்துவிட்டீர்கள். இனி எழுந்தால் போதும், பதினைந்து தடவை.

டீ வந்துவிட்டது.