நண்டு ஓட்டில் ஒரு சாரம்



எனக்குக் கொடுத்தது அஞ்சு நிமிஷம். நேரா விஷயத்துக்கு வருகிறேன்.

இறுதியாண்டில் மாமல்லபுரம் போகும் வழியில் பைக்கிலிருந்து விழுந்து என் கால் எலும்பு நொறுங்கியது நம் செட்டுக்கு ஞாபகம் இருக்கும். இடைவெளியை நிரப்ப என் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் வெட்டி வைத்தார்கள். கால் கூடிவிட்டது. இடுப்பு வலிதான் ஒரு வருஷம் போகவில்லை!

அந்த இரண்டாவது வெட்டைத் தவிர்க்க முடியுமா? அதற்கான சரக்கு, கடற்கரையில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிய குப்பையில் இருக்கிறது. இறால் தோல், நண்டு ஓடு. அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும், காரத்தில் புரதம் போகும், மிஞ்சுவது கைட்டின். அதை அடர்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டைக் கலந்து, உறையவைத்து உலர்த்தினால் ஸ்பாஞ்சு மாதிரி ஒரு துண்டு. சிவில்காரர்கள் பாஷையில், சாரம். செல்கள் அதில் ஏறி எலும்பு கட்டும். சாரம் மெல்லக் கரைந்துவிடும்.

நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டாங்கொளத்தூரில், எஸ்.ஆர்.எம். ஆய்வுக்கூடத்தினர் நானோ வெள்ளியும் சேர்த்துக் கிருமியைத் தடுக்கும் சாரம் செய்து 2011-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் பலம்? நம் எலும்பின் உள் பஞ்சுப்பகுதியே சுமார் 2 முதல் 12 மெகாபாஸ்கல் தாங்கும்; வெளிப்பகுதி 100-க்கும் மேல். ஈரமான கைட்டோசான் ஸ்பாஞ்சோ விரலால் அழுத்தினாலே அமுங்கும். சுமை ஏறாத தாடைக் குழிக்குச் சரிப்படலாம், என் காலுக்குப் போதாது. செல் வளர்வதை பயாலஜிகாரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த இடத்துக்கு மெக்கானிக்கல் ஆள்தான் வேண்டும்.

பிராஜெக்ட் தேடும் தம்பி தங்கைகள் பந்தியில் என்னைப் பிடிக்கலாம். நண்டு ஓடு நான் வாங்கித் தருகிறேன். மூக்கைப் பிடிக்காமல் வரவேண்டும், அவ்வளவுதான்.