மைல் எண்ட் சேமக்காலையும் எங்கடை ஆட்களும்

(அப்டன் பார்க்கில் நடைபெற்ற எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புத்தாண்டுக் காலத்திலை சுடலைக் கதை எடுக்கிறான் எண்டு என்னைக் குறை நினைக்க வேண்டாம். தலைப்பைச் சொன்னவுடனே எங்கடை செயலாளர் ரெலிபோனிலை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணை, வேறை ஒண்டும் இல்லையோ?" எண்டு கேட்டார். நான் சொன்னன்: "தம்பி, சித்திரை பிறந்து முழுநிலவு வர, தாயை நினைச்சுச் சித்திராப் பறுவம் பிடிக்கிற சனம் நாங்கள். ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கு விரதம். செத்தவையை நினைக்கிறதை வருசப்பிறப்புக்குக் கிட்டத்தான் எங்கடை ஆட்களும் வைச்சிருக்கினம்." அதோடை அவர் ஓம் எண்டிட்டார்.

விசயத்துக்கு வாறன். எங்கடை அப்டன் பார்க் ஸ்ரேசனிலை டிஸ்ட்ரிக்ட் லைன் பிடிச்சு மேற்காலை போனால் பிளெஸ்ரோ, வெஸ்ட்ஹாம், புரொம்லி, போ றோட், ஐஞ்சாவது மைல் எண்ட். அங்கை இறங்கிச் சதர்ன் குரோவ் எண்ட தெருவாலை சில நிமிஷம் நடந்தால் ஒரு பழைய இரும்புப் படலை வரும். நான் முதல் தரம் போனது வழி தவறித்தான். ஏதோ பற்றைக்காடு எண்டு நினைச்சன். உள்ளுக்கை போய்ப் பார்த்தால் மரத்துக்கு மரம் இடையிலை கல்லறைகள். சரிஞ்சதும், உடைஞ்சதும், ஐவி கொடி மூடினதுமாய். பட்டப்பகல்தான், எண்டாலும் கொஞ்சம் நெஞ்சு இடிச்சது உண்மை.

அதுதான் ரவர் ஹம்லெற்ஸ் சேமக்காலை. 1841ஆம் ஆண்டு செப்ரெம்பரில் திறக்கப்பட்டது. அந்தக் காலத்திலே லண்டனில் செத்தவர்களைப் புதைக்க இடமில்லை. தேவாலய வளவுகள் எல்லாம் நிரம்பி, பிணத்துக்கு மேல் பிணம் வைத்து, நாற்றமும் கொலராவும் ஊரைப் பிடித்திருந்தன. ஆகவே தனியார் கொம்பனிகள் நகரத்துக்கு வெளியே சேமக்காலை அமைப்பதற்குப் பாராளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1833இல் கென்சல் கிறீன் தொடங்கி, நோர்வூட், ஹைகேற், அப்னி பார்க், புரொம்ப்டன், நன்ஹெட் என்று வரிசையாக வந்து, ஏழாவதாக அமைந்ததே இந்த மைல் எண்ட் சேமக்காலை.

இது தருமம் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. சுத்த வியாபாரம். பங்கு வித்துக் காணி வாங்கி, காணியைத் துண்டு துண்டாய்க் குழிக்கு வித்து, லாபத்தைப் பங்குக்காரர் பிரிச்செடுத்தவை. காணி நிரம்பினால் வருமானம் நிண்டுபோம், ஆனால் புல்லு வெட்டுற செலவு நிக்காது. ஒரு குழியின் விலை ஒருக்காத்தான் வரும். அதைப் பார்க்கிற செலவு எண்டைக்கும் வரும். இந்தக் கணக்கை அண்டைக்கே ஒருவரும் போட்டுப் பார்க்கேல்லை, அல்லது போட்டுப் பார்த்தவை அது தங்கடை பேரன்மாரின்ரை பிரச்சினை எண்டு விட்டிருப்பினம்.

காசுள்ளவன் தனிக் குழி வாங்கினான், கல்லு நாட்டினான். ஏழைகளுக்குப் பொதுக்குழி. சில குழிகள் 40 அடி ஆழம், ஒன்றுக்குள் 30 பேர் வரை. ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, தெரிந்தவரும் இல்லை. மேலே கல்லும் இல்லை. திறந்து 10 வருடத்தில், அதாவது 1851 அளவில், அங்கு புதைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இப்படிப் பொதுக்குழிக்குள் போனவர்களே. மொத்தமாக அந்த நிலத்துக்குள் ஏறக்குறைய 350,000 பேர் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே எங்கள் நியூஹாம் முழுவதிலும் எண்ணப்பட்ட சனத்தொகை ஏறக்குறைய 351,000. எங்கடை கிறீன் ஸ்ட்ரீட், ஈஸ்ட்ஹாம், மனோர் பார்க், ஸ்ராட்போர்ட், கனிங் ரவுண், எல்லாச் சனத்தையும் ஒரு பற்றைக்குள்ளை நினைச்சுப் பாருங்கோ.

அங்கே கிடப்பவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் அல்பிரட் லினல். 1887 நவம்பர் 13ஆம் திகதி ட்ரபல்கர் சதுக்கத்தில் வேலையில்லாதவர்களும் அயர்லாந்துக்காரருக்காகக் குரல் கொடுத்தவர்களும் ஊர்வலம் போக, பொலிசும் பட்டாளமும் அடித்துக் கலைத்தன. 'இரத்த ஞாயிறு' என்று சரித்திரத்தில் எழுதப்பட்ட நாள் அது. அடுத்த கிழமை அந்தப் பக்கம் பொலிஸ் குதிரையின் காலில் மிதிபட்ட லினல் சில நாட்களில் இறந்துபோனார். டிசெம்பர் 18ஆம் திகதி, மழைக்குள்ளே, பெருந்திரளான சனம் அவரது பெட்டியை நகரத்தின் நடுவிலிருந்து மைல் எண்ட் வரைக்கும் நடந்து கொண்டுபோனது. பெட்டியோடு நடந்தவர்களில் வில்லியம் மொரிஸ் என்ற புகழ்பெற்ற கவிஞர் ஒருவர். குழிக்கருகில் நின்று அவர் பேசினார். இன்னொருவர் அன்னி பெசன்ட். ஓம், எங்கடை அன்னி பெசன்ட் அம்மையார்தான். பிறகு சென்னை அடையாறிலை இருந்து பிரம்மஞான சபையை நடத்தி, 1917இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கினவ. ஊர்வலத்திலை பொலிசிட்டை அடிவாங்கின ஆட்கள் இந்தச் சபையிலும் இருக்கினம். அவைக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, அந்தச் சேமக்காலைக்கு என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போரில் ஐந்து தரம் குண்டு விழுந்தது. கொம்பனியிடம் காசில்லை. 1966இல் அப்போதிருந்த பெருநகர லண்டன் கவுன்சில் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் 125,000 பவுணுக்கு அதை வாங்கியது. அத்தோடு அடக்கம் செய்வதும் நிறுத்தப்பட்டது. அரசாங்கம் பொறுப்பெடுத்திட்டுது, இனிப் பயமில்லை எண்டுதானே நாங்கள் நினைப்பம்? அப்பிடியில்லை. அவை வாங்கினது காக்கிறதுக்கு எண்டு முழுக்கச் சொல்லேலாது; கல்லுகளை அகற்றிச் சனம் உலாவுற வெளியாக்கத்தான். 1967இல் குண்டு விழுந்து சேதமான இரண்டு தேவாலயக் கட்டடங்களையும் இடித்தார்கள். ஒரு பக்கத்தால் கல்லறைகளை அகற்றவும் தொடங்கினார்கள். அயலிலை இருந்த சனம் எதிர்த்தது. அந்த நேரம் பார்த்துக் காசும் முடிஞ்சுது. சனத்தின்ரை எதிர்ப்பும் கவுன்சிலின்ரை வெறும் பெட்டியும் சேர்ந்துதான் மிச்சத்தைக் காப்பாத்தினது. காசில்லாததாலை ஒரு நல்லது நடந்தது எண்டு நான் அறிஞ்ச ஒரே சம்பவம் இது!

1986இல் பெருநகரக் கவுன்சிலே கலைக்கப்பட்டது. சேமக்காலை ரவர் ஹம்லெற்ஸ் கவுன்சிலின் கைக்கு வந்தது. 1990இல் அயலவர்கள் 'நண்பர்கள்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள்தான் பற்றை வெட்டி, பாதை திருத்தி, பெயர்களைப் படித்துப் பதிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் அது உள்ளூர் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இண்டைக்குப் போனால் வண்ணத்துப்பூச்சி பார்க்கிற ஆட்களும் அங்கை நிப்பினம்.

மற்றக் கவுன்சில்கள் செய்ததையும் கேளுங்கோ. நன்ஹெட் சேமக்காலையைக் கொம்பனி 1969இல் பூட்டிப்போட்டுப் போய்விட்டது. 1975இல் சதர்க் கவுன்சில் அதை ஒரு பவுணுக்கு வாங்கியது. ஒரு பவுண்தான், ஆனால் அதற்குப் பின்னாலே வந்த செலவு கொஞ்சநஞ்சமல்ல. நோர்வூட்டை லம்பெத் கவுன்சில் 1965இல் கட்டாயமாகச் சுவீகரித்தது. பிறகு தானே பழைய கல்லறைகளை அகற்றி, அந்த இடங்களைப் புதுக் குழி என்று விற்றது. 1989இல் உருவான நண்பர்கள் சங்கம் விடவில்லை; 1994இல் திருச்சபை நீதிமன்றம் கவுன்சில் செய்தது சட்டப்படி பிழை என்று தீர்ப்புச் சொன்னது. வெஸ்ட்மின்ஸ்ரர் கவுன்சிலின் கதை எல்லாவற்றிலும் மோசம். பராமரிப்புச் செலவை மிச்சம் பிடிக்க, 1987இல் தன்னிடமிருந்த மூன்று சேமக்காலைகளை, ஒவ்வொன்றும் 5 பென்ஸ் வீதம், மொத்தம் 15 பென்சுக்கு விற்றது. எங்கடை கடையிலை ஒரு கட்டுக் கறிவேப்பிலை அந்த விலைக்கு வராது! புதைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளம்பினார்கள், பத்திரிகைகள் எழுதின, கடைசியில் அதே கல்லறைகளைக் கவுன்சில் பெருஞ்செலவில் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கேக்கை உங்கடை மனம் எங்கை போகுது எண்டு எனக்குத் தெரியும். என்ரை மனமும் அங்கைதான் போகுது. கோப்பாயிலே இருந்த துயிலுமில்லம் போர் முடிந்த பிறகு 2010இல் இடிக்கப்பட்டு, அந்த நிலத்திலே 2011இல் இராணுவப் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. இயக்கங்களைப் பற்றி இந்தச் சபையிலை ஆளுக்கொரு கருத்து இருக்கும். அதை இண்டைக்கு நான் கிளறவில்லை. ஆனால் அந்த மண்ணுக்குள்ளை இருந்தது ஆற்றையோ பிள்ளை. தாய்மாருக்கு விளக்குக் கொளுத்த இடமில்லாமல் போச்சுது. அதே நாட்டிலே, திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் வழியில், இரண்டாம் உலகப் போரில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சேமக்காலை இருக்கிறது. இத்தனை சண்டைக்கும் பிறகு அதிலே புல்லு வெட்டி, கல்லு வரிசை குலையாமல் நிற்கிறது. அதுக்கு ஒரு ஆணைக்குழு, ஒரு பேரேடு, வருசா வருசம் ஒரு காசு ஒதுக்கீடு இருக்குது. பார்க்கிறதுக்கு ஆளை வைச்சிருக்கினம்.

இனி, நான் இண்டைக்கு இவ்வளவும் கதைச்சதுக்கு உண்மையான காரணம். எங்களிலே சைவ ஆட்கள் மனோர் பார்க் பக்கம் தகனம் செய்து, சாம்பலைக் கடலிலே கரைத்துவிடுகிறோம். கிறீஸ்தவக் குடும்பங்கள் அப்படியல்ல. இத்தனை வருசத்திலை இந்தக் கிழக்கு லண்டன் மண்ணுக்குள்ளை எங்கடை ஆட்கள் கனபேர் போட்டினம். அந்தக் குழி எங்களுக்கு எண்டைக்கும் சொந்தம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம். இல்லை. யாழ்ப்பாணத்துக் காணி உறுதி மாதிரி இல்லை இது. கவுன்சில் சேமக்காலையிலே உங்களுக்குத் தருவது நிலம் அல்ல, அந்தக் குழியைப் பாவிக்கும் உரிமை மாத்திரம். 1977ஆம் ஆண்டுக் கட்டளைப்படி ஒரு முறையில் 100 வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. 50, 75 வருடத்துக்குக் கொடுக்கிற இடங்களும் உண்டு. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அதோடு, 2007ஆம் ஆண்டில் லண்டனுக்கென்று வந்த சட்டத்தின்படி 75 வருடத்துக்கு மேற்பட்ட பழைய குழிகளை அறிவித்தல் கொடுத்து மீளப் பாவிக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இடமில்லாத நகரத்திலே அதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். உறவினர்கள் ஆட்சேபிக்கவும் அதிலே வழியிருக்கிறது. ஆனால் ஆட்சேபிக்க வேண்டுமென்றால் அறிவித்தல் உங்கள் கைக்கு வரவேண்டும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா. மனுசன் வந்து நாலு வருசத்திலை மாரடைப்பிலை போட்டார். அப்ப அவ இருந்தது ஒரு அறை வீடு. அதுக்குப் பிறகு நாலு வீடு மாறினா. எங்களுக்கு வீடு மாறுறது புதுசே? ஒரு நாள் பூவோடை போனால் கல்லு முகங்குப்புறக் கிடக்குது. பதறிப்போனா. இனத்துவேசம் பிடிச்ச பெடியள் விழுத்திப்போட்டாங்கள் எண்டு அழுதுகொண்டு எனக்கு ரெலிபோன் எடுத்தா. கந்தோரிலை விசாரிச்சால், கல்லு ஆட்டம் கண்டிட்டுதாம், ஆள் மேலை விழும் எண்டு தாங்கள்தான் படுக்க வைச்சதாம், மூண்டு கடிதம் போட்டும் பதில் இல்லையாம். கடிதம் எல்லாம் அந்த முதல் அறைக்குப் போயிருக்குது. அங்கை இப்ப ஆர் இருக்கினமோ! படுத்த கல்லை நிமித்த அவ சீட்டுக் கட்டின காசிலைதான் எடுத்தா.

ஆகவே தயவுசெய்து வீட்டை போய் அந்தக் கடுதாசியைத் தேடுங்கோ. குழி இலக்கம் என்ன, உரிமை ஆற்றை பேரிலை, எத்தனை வருசம் எண்டு பாருங்கோ. வீடு மாறினால் பாங்குக்கு அறிவிக்கிற மாதிரிச் சேமக்காலைக் கந்தோருக்கும் அறிவியுங்கோ. உரிமைக்காரர் காலமாகினால் பேரை மாத்தவேணும், அது தன்பாட்டிலை பிள்ளையளுக்கு வந்து சேராது. சைவ ஆட்களும் சிரிக்க வேண்டாம். சாம்பல் தோட்டத்திலை வைச்ச ரோசாக் கண்டுக்கும் பேர்ப்பலகைக்கும் வருசக் கணக்கு இருக்குது. ஆங்கிலம் எழுதச் சிரமப்படுகிறவர்கள் சனிக்கிழமைகளில் எங்கள் சங்கக் கந்தோருக்கு வந்தால், கடிதம் எழுதிக்கொடுக்க இரண்டு பிள்ளைகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு அறிவித்தல். வைகாசியிலே வெயில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைல் எண்ட் சேமக்காலையைச் சுற்றிப் பார்க்கப் போக உத்தேசம். லினலைப் பற்றி அங்கை வைச்சுத்தான் பிள்ளையளுக்குச் சொல்லவேணும். பாதை சேறு, நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கோ. சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவர வேண்டாம். சுடலைக்குப் போய்வந்தால் முழுகிப்போட்டுத்தான் வாயிலை ஏதும் வைக்கலாம் எண்டு சொல்லுற ஆட்கள் எங்களுக்கை இன்னும் இருக்கினம். என்ரை மனுசியே முதலாவது ஆள்.