கேட்டில் தடுத்தால் திரும்பிப் போகாதே!
(வடசென்னை ஆலைவாயில் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. காய்ச்சலில் படுத்த தொழிலாளி எழுந்து வேலைக்கு வருகிறார். "நீயாகவே வேலையை விட்டுவிட்டாய், பெயர் அடித்தாயிற்று" என்று கேட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவரும் வாய்பேசாமல் வீடு திரும்புகிறார்.

திரும்பக் கூடாது! பெரம்பூர் பி அண்டு சி மில்லின் நிலையாணை ஒன்று, லீவின்றித் தொடர்ந்து 8 வேலைநாள் வராதவர் வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்றது. நோயைக் காரணம் சொன்ன தொழிலாளியையும் அந்த விதி வெளியே தள்ளியது. 1963ல் சுப்ரீம் கோர்ட்டும் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதே போன்ற விதியைக் காட்டி வேறொரு கம்பெனி நீக்கிய தொழிலாளியின் வழக்கில், 1993ல் அதே கோர்ட் வேறு தீர்ப்புச் சொன்னது. விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் பெயரை அடிப்பது வாழ்வுரிமையைப் பறிப்பது என்றது. அவருக்கு வேலையும் பாதிச் சம்பளப் பாக்கியும் கிடைத்தன.

ஆகவே, நோய் என்றால் அன்றே லீவுக் கடிதத்தைத் தபாலில் அனுப்புங்கள், ரசீதையும் இ.எஸ்.ஐ. சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். கேட்டில் தடுத்தால், "வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று அன்றே நிர்வாகத்துக்கு எழுதுங்கள்; நகலை வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வயல்வேலையை விட்டுக் காண்ட்ராக்டில் வந்துள்ள தோழர்களே! அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எப். எண் மூன்றும்தான் உங்கள் சாட்சி.

பிறகு சங்கத்துக்கு வாருங்கள், காலம் கடத்தாதீர்கள். தனி ஒருவரின் வேலைநீக்கத்தையும் தொழில் தகராறாக எழுப்பும் உரிமை 1965ல் சட்டத்தில் ஏறியது. அதற்கு 3 ஆண்டாக இருந்த கெடுவை, 2025 நவம்பர் 21ல் அமலாக்கப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2 ஆண்டாக வெட்டிவிட்டது. 100 பேர் வேலைசெய்யும் ஆலைக்கே நிலையாணை கட்டாயம் என்றிருந்ததை 300 பேர் என்று உயர்த்திவிட்டது. யாருக்காக இந்தச் சலுகை என்று சொல்லவும் வேண்டுமா?

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. இது தருமம் அல்ல, உரிமை!

ஆனால் சட்டம் தானாக நடந்து வராது. கூடவே நடக்கச் சங்கம் வேண்டும். ஒருவர் கேட்டில் தடுக்கப்பட்டால் அது அத்தனை பேருக்கும் வந்த ஓலை என்று எண்ணுங்கள்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!