உடைந்த காரின் கடற்பயணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கார் விபத்துக்குள்ளாகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்புறம் நசுங்கிவிட்டது, விளக்குகள் சிதறிவிட்டன, உள்ளே காற்றுப்பைகள் வெடித்து விரிந்து சாரதியைக் காத்துவிட்டன. காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் கணக்குப் பார்க்கிறார். திருத்தச் செலவு வண்டியின் பெறுமதியில் குறித்த ஒரு வீதத்தைத் தாண்டுமாயின் அது முழு இழப்பு எனப்படும். இந்த வீதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பலவற்றில் நூற்றுக்கு 75, டெக்சாஸில் 100. கம்பனி உரியவருக்குப் பணத்தைக் கொடுத்து, வண்டியைத் தான் எடுத்துக்கொள்கிறது. உரிமைப் பத்திரத்திலே சேதமுற்ற வண்டி என்னும் முத்திரை விழுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் காரைக் கொன்றது விபத்தன்று. அமெரிக்கத் தொழிலாளியின் கூலி. கூலி மலிந்த நாட்டில் அதே கார் உயிர்பெற்று எழும். இந்த வேறுபாட்டிலேதான் ஒரு பெரும் வாணிகம் நிலைகொண்டிருக்கிறது.

கோப்பார்ட் என்னும் கம்பனி 1982ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே இத்தகைய வண்டிகளை விற்கத் தொடங்கியது. 2003இல் ஏலம் இணையத்துக்கு மாறியது. அதன் பின்னர், கடல்கடந்த ஊரொன்றில் இருப்பவரும் பத்துப் புகைப்படங்களைப் பார்த்து விலை கூறலாம் என்றாயிற்று. புகைப்படத்திலே தகரத்தின் நெளிவு தெரியும். அடிச்சட்டத்தின் முறுக்குத் தெரியாது.

இவ்வண்டிகள் சென்று சேரும் இடங்களுள் ஜோர்ஜியா நாடு முக்கியமானது. கருங்கடற் கரையிலுள்ள போட்டித் துறைமுகத்தில் அவை கொள்கலன்களிலிருந்து இறங்குகின்றன. தலைநகர் திபிலீசிக்கு அருகே ருஸ்தாவி என்றொரு நகரம். சோவியத் ஆட்சியில், 1940களில், உருக்காலைக்கென எழுப்பப்பட்ட நகரம் அது. இன்று அதன் பெயரைக் கேட்டால் அயல்நாட்டார்க்கு நினைவில் வருவது உருக்கன்று, பழைய கார்ச் சந்தையே. ஆர்மேனியா, அசர்பைஜான், கசக்ஸ்தான் முதலிய நாடுகளிலிருந்தும் வாங்குவோர் வருகின்றனர். கார் உற்பத்திக்குப் பெயர்பெறாத இந்த நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலில் 2023ஆம் ஆண்டு முதலிடம் பெற்றது கார்! அதன் பெறுமதி 200 கோடி டொலருக்கு மேல். அவ்வாண்டு ஓகஸ்டில், அமெரிக்காவிலிருந்து வந்த கார்களை ரஷ்யாவுக்கும் பெலாருஸுக்கும் மறு ஏற்றுமதி செய்வதை அரசு தடைசெய்தது.

அங்குள்ள கைவினைஞரின் திறமையைக் குறைத்துப் பேசலாகாது. ஒரு காரின் கதவும் இன்னொரு காரின் முன்புறமும் அவர் கையிலே பொருந்தி ஒன்றாகின்றன. அடிச்சட்டத்தை அளவுகோல் வைத்து இழுத்து நேராக்குவோரும் உளர். குப்பைமேட்டுக்குப் போகவேண்டிய பொருள் ஒரு குடும்பத்துக்கு வாகனமாவதை நான் குறைகூறமாட்டேன்.

ஆயினும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வஞ்சகம் புகுகிறது. வெடித்த காற்றுப்பைக்குப் புதிய பையும் அதனை இயக்கும் மின்கருவியும் வேண்டும். இவற்றின் விலை அதிகம். ஆகவே சிலர் வெறும் மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதவாறு மின்கம்பியிலே சூழ்ச்சி செய்துவிடுகின்றனர். வண்டி அழகாக ஓடும். அடுத்த விபத்து நிகழும்வரை எவரும் அறியார்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னும் பொல்லாதது. 2012இல் சாண்டிப் புயலின்போது நியூவார்க் துறைமுகத்தில் கடல்நீர் புகுந்த 16 பிஸ்கர் கார்கள் தீப்பற்றி எரிந்தன. உப்பு நீர் மின்னிணைப்புகளை அரிக்கும். அது சில நாட்களில் வெளிப்படலாம். பல மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம். பத்திரத்தில் விழுந்த முத்திரையோ பெரும்பாலும் கடலைக் கடப்பதில்லை. புதிய நாட்டில் புதிய பத்திரம், புதிய பதிவு.

ஜோர்ஜியா தனது வாகனப் பரிசோதனை முறையை 2004இல் கைவிட்டிருந்தது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் கட்டாயமானது 2019இலேதான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் வீதியில் இறங்கிய வண்டிகள் எத்தகையனவாக இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

வலப்புறச் சுக்கான் வைத்த வண்டிகளைப் பயன்படுத்தும் நாம், அமெரிக்க ஏலத்தைவிட யப்பானிய ஏலத்தையே நன்கு அறிவோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. யப்பானிய ஏலத்தாளிலே ஆர் என்ற எழுத்து இருப்பின், அது விபத்துக்குப் பின் திருத்தப்பட்டதைக் குறிக்கும். விற்பவர் காட்டும் பிரதியோடு நின்றுவிடாது, அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு அத்தாளை வேறுவழியிலும் சரிபார்த்துக்கொள்வது நன்று.

காரைப் பார்க்கப் போகும்போது ஆசனப் பட்டியை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால், அது வெள்ளம் கண்ட வண்டியாக இருக்கலாம். பின்னர்ச் சாவியைத் திருப்புங்கள். காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையாயின் விலை பேசாது திரும்பிவிடுங்கள்.