நதிக்காகப் பாடிய பாணன்

பீரங்கிக்கும் தொழிற்சாலைப் புகைக்கூண்டுக்கும் எதிரே ஒரு பாட்டு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. பாட்டு ஒரு குண்டையும் தடுத்துவிடாது. நதியில் விழும் கழிவுநீரில் ஒரு துளியையேனும் தானாகக் குறைத்துவிடாது. ஆயினும், அதிகாரத்தில் இருப்போர் பாட்டைக் கண்டு அஞ்சியதற்கும், அதனை ஒலிக்கவிடாது தடுக்க முயன்றதற்கும் சரித்திரத்தில் சான்றுகள் பல உண்டு. ஒன்றும் செய்யமாட்டாத ஒன்றுக்கு இத்தனை காவல் ஏன்?

சோழர் இருவரிடையே மூண்ட பகையைத் தணிக்கக் கோவூர் கிழார் பாடிய பாட்டு, புறநானூற்றில் இருக்கின்றது. வேந்தரை நேர்நின்று இடித்துரைக்கும் அந்தத் துணிவு எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமையன்று. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அத்துணிவோடு வாழ்ந்த ஒருவர் பீற் சீகர். யுத்தத்தை எதிர்த்தும், மாசுபட்ட ஒரு நதிக்காகவும் அவர் பாடிய வரலாறு, பாட்டினால் ஆவது எது, ஆகாதது எது என்பதைத் தெளிவாகக் காட்டுவது.

சீகர் 1919 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் பிறந்தவர். தந்தையார் சாள்ஸ் சீகர் இசையாராய்ச்சியாளர். மைந்தர் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே வெளியேறி, நாட்டுப் பாடல்களைத் தேடி அலைந்தார். அவர் கையில் இருந்தது பான்ஜோ என்னும் நரம்புக் கருவி. பறைபோலத் தோல் போர்த்த முகமும் நீண்ட கழுத்தும் உடையது. வெறுப்பைச் சுற்றிவளைத்துச் சரணடையச் செய்யும் கருவி இது என்ற கருத்துப்பட, அதன் தோலைச் சுற்றி அவர் எழுதி வைத்திருந்தார்.

அவருடைய குரலிலும் பார்க்க அவர் பாடிய முறையே முக்கியமானது. மேடையில் நின்று தாம் பாட, மற்றவர்கள் வாளாவிருந்து கேட்பதை அவர் விரும்பவில்லை. ஓர் அடியை முதலிற் சொல்லிக் கொடுப்பார். கூட்டம் அதனைப் பாடும். அது முடியுமுன்னே அடுத்த அடியைச் சொல்லுவார். சொற்பொழிவைக் கேட்பவன் அது இன்னொருவர் கருத்து என்றே எண்ணி வீடு செல்லலாம். தன் வாயாற் பாடியவனோ அப்பாட்டுக்குத் தானும் ஒரு பங்காளன் ஆகிவிடுகிறான். சீகர் கண்ட சூட்சுமம் இதுதான்.

1950 ஆம் ஆண்டில் அவர் பாடிவந்த 'வீவேர்ஸ்' குழுவின் இசைத்தட்டுக்கள் அந்நாடெங்கும் பெருவழக்காய் இருந்தன. ஆனால், சீகர் முன்னர்ப் பொதுவுடைமைக் கட்சியில் அங்கத்தவராய் இருந்தவர். அக்காலத்து அமெரிக்காவில் அது மன்னிக்கப்படாத குற்றம். குழுவினருக்கு வானொலியும் அரங்குகளும் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 1955 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டபோது, தம் கொள்கைகளையும் நண்பர்களையும் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்க அவர் மறுத்தார். பாடச் சொன்னாற் பாடுவதாக மட்டும் கூறினார். காங்கிரசை அவமதித்த குற்றத்துக்காக 1961 இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு மன்று அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

தொலைக்காட்சியும் பெரிய மண்டபங்களும் மறுக்கப்பட்ட அவ்வாண்டுகளில் அவர் சென்ற இடங்கள் பாடசாலைகள், கல்லூரிகள், சிறுவர் பாசறைகள். தடுத்தவர்கள் இதன் விளைவை எண்ணியிருக்க மாட்டார்கள். பத்து வயதில் அவரோடு சேர்ந்து பாடிய பிள்ளைகள், வியற்நாம் யுத்தம் உக்கிரமடைந்தபோது இருபது வயதை எட்டியிருந்தார்கள்.

அந்த யுத்தத்துக்கு முன்னரே, ஆகாயத்திலிருந்து வேறோர் ஆபத்து இறங்கிக் கொண்டிருந்தது. வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுப் பரிசோதனைகளினால் ஸ்ரோன்சியம் 90 என்னும் கதிரியக்கப் பொருள் வளிமண்டலத்திற் பரவி, மழையோடு மண்ணில் விழுந்தது. மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பசுவின் பாலுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் அது சென்றது. 1958 ஆம் ஆண்டு தொடக்கம் சென் லூயிஸ் நகர விஞ்ஞானிகள், குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைப் பெற்றோரிடமிருந்து சேகரித்து ஆராயலாயினர். காலப்போக்கில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பற்கள் சேர்ந்தன.

இச்செய்தியைப் பாட்டாக்கியவர் மல்வினா றெயினல்ட்ஸ். 1900 இல் சன் பிரான்சிஸ்கோவில் பிறந்த இவர் கலாநிதிப் பட்டம் பெற்ற பெண்மணி; நடுவயது கடந்த பின்னரே பாட்டு இயற்றத் தொடங்கினார். 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மழைப் பாட்டில் அணுகுண்டு என்ற சொல் இல்லை, ஸ்ரோன்சியமும் இல்லை. இருப்பவை ஒரு மெல்லிய மழை, புல், மழையில் நிற்கும் ஒரு சிறுவன் ஆகியவையே. பாட்டு முடியும்போது புல்லும் இல்லை, சிறுவனும் இல்லை. இராகமோ தாலாட்டுப்போல் மென்மையானது. விஞ்ஞானிகளின் அட்டவணைகளைப் படியாத தாய்மார்கூட இதனைக் கேட்டதும், முற்றத்தில் விளையாடும் தம் பிள்ளையை எண்ணினர். 1963 ஆகஸ்டில், வளிமண்டலத்திலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் அணுப் பரிசோதனை நடத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பாட்டுத்தான் அதனைச் செய்தது என்று சொன்னால் அது மிகை. பாற்பல் ஆராய்ச்சியும், வீதியில் இறங்கிய தாய்மாரின் ஊர்வலங்களும், அரசியற் கணக்குகளும் சேர்ந்தே அதனைச் செய்தன. பாட்டு அவற்றுக்கு ஒரு வாயாய் இருந்தது எனலாம்.

சீகருடைய யுத்த எதிர்ப்புப் பாட்டுக்களிற் பெரும் பரபரப்பை உண்டாக்கியது, சேற்று நதி ஒன்றைக் கடக்கும் படையினரின் கதை. 1942 இல் லூசியானாவில் ஒரு சிறு படைப்பிரிவு பயிற்சியில் ஈடுபட்டிருக்கிறது. நதியை நடந்தே கடக்கும்படி தலைவன் கட்டளையிடுகிறான். நீர் முழங்காலைத் தாண்டி இடுப்பளவு ஏறுகிறது. ஆழம் கூடுகிறதென்று கீழதிகாரி எச்சரிக்கிறான். தலைவன் கேளாமல் முன்னே செல்கிறான், மூழ்கி இறக்கிறான். மேலே இன்னொரு கிளையாறு வந்து கலந்ததை அவன் அறிந்திருக்கவில்லை. எஞ்சியோர் திரும்பி உயிர் தப்புகின்றனர். கதை இவ்வளவே. கடைசிப் பகுதி மட்டும் பழங்கதையை விட்டு நிகழ்காலத்துக்குத் திரும்புகிறது. வியற்நாம் என்ற பெயரோ சனாதிபதி ஜோன்சனின் பெயரோ அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

1967 செப்டெம்பரில், பதினேழு ஆண்டுத் தடைக்குப் பின்னர், 'ஸ்மதேர்ஸ் சகோதரர்' நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இப்பாட்டைச் சீகர் பாடினார். ஒளிபரப்பின்போது பாட்டு வெட்டப்பட்டிருந்தது. சகோதரர்கள் பத்திரிகைகளில் முறையிட்டனர். பாடியிருந்தால் ஓரிரவிற் பலர் கேட்டு மறந்திருக்கக்கூடிய பாட்டு, தடையினால் நாடறிந்ததாயிற்று. 1968 பெப்ரவரி 25 ஆம் நாள் அதே நிகழ்ச்சியில் முழுப் பாட்டும் ஒலித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் ரெற் தாக்குதல் தொடங்கி, யுத்தம் முடியப்போகிறது என்ற பேச்சைப் பொய்யாக்கியிருந்தது. இடுப்பளவு நீரில் நிற்பவர் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த யுத்தம் மனிதரை மட்டும் கொல்லவில்லை. 1962 தொடக்கம் 1971 வரை அமெரிக்க விமானங்கள் ஏழு கோடி லீற்றருக்கும் மேற்பட்ட களைகொல்லிகளைத் தென் வியற்நாமின் காடுகளிலும் வயல்களிலும் தெளித்தன. எதிரிக்கு மறைவிடம் இல்லாதொழிய வேண்டும் என்பதற்காகக் காட்டையே அழித்தனர். கரையோரக் கண்டற்காடுகள் பட்டுப்போயின. யுத்தத்தை எதிர்ப்பதும் மண்ணையும் நீரையும் காப்பதும் இருவேறு வேலைகள் அல்ல என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று தேவையில்லை.

சீகருக்கு இந்த ஒருமை புலப்படக் காரணமான நூல், றேச்சல் காசன் 1962 இல் எழுதிய 'மௌன வசந்தம்'. பூச்சிகொல்லிகள் பறவைகளையும் மீன்களையும் மாய்ப்பதை எடுத்துக்காட்டிய நூல் அது. சமூக நீதி ஒன்றையே எண்ணியிருந்த சீகர், தம் வீட்டு வாசலுக்கு முன்னால் ஓடிய நதியை அதன்பின் புதிய கண்ணோடு நோக்கினார்.

அந்த நதி ஹட்சன். மலைச் சுனையொன்றிற் பிறந்து, முந்நூறு மைலுக்கு மேல் ஓடி, நியூயோர்க் நகரருகே கடலிற் கலப்பது. கடற்பெருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது மைல் உள்ளே ஏறி வருவதால், கீழ்ப்பகுதியில் நீர் இருதிசையும் ஓடும்; ஒருமுறை விழுந்த அழுக்கு எளிதில் வெளியேறாது. சீகர் குடியிருந்த பீக்கன் என்னும் ஊர் இதன் கரையில் உள்ளது. கரையிலிருந்த மோட்டார்த் தொழிற்சாலையில் அன்றைக்குப் பூசிய சாயம் எதுவென்று நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம் என்பது அவ்வட்டாரத்துப் பேச்சு. மன்ஹற்றனின் மேற்குப் பகுதி மலக்கழிவோ 1986 வரை சுத்திகரிக்கப்படாமலே நதியில் விழுந்தது.

1966 இல் வெளிவந்த இசைத்தட்டு ஒன்றில் இந்நதியைப் பற்றிச் சீகர் தாமே இயற்றிய பாட்டு இடம்பெற்றது. அப்பாட்டின் நேர்மை கவனிக்கத்தக்கது. கடதாசி ஆலையின் கழிவைக் கண்டிக்கும் அதே இடத்தில், அங்கே உழைப்போரை நாணயமானவர்கள் என்றே அது கூறுகிறது. கீழே இறங்கி நகரங்களை அடைந்ததும், ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையும் குற்றத்திற் பங்காளி ஆகிறது. பாடுபவன் தன்னையும் கேட்பவனையும் விலக்கி வைக்கவில்லை. எதிர்ப்புப் பாட்டு இயற்றுவோர் பலர் மறந்துவிடும் பண்பு இது. பிறரைத் திட்டுவது எளிது, கைதட்டலும் உடனே கிடைக்கும்.

பாட்டோடு நிற்பது போதாது என்று அவருக்குத் தோன்றியது. பழங்காலத்தில் ஹட்சனில் ஓடிய பாய்க்கப்பல்களைப் பற்றிய நூலொன்றை நண்பர் ஒருவர் கொடுத்திருந்தார். அத்தகைய கப்பல் ஒன்றைக் கட்டினால், மக்கள் அதனைப் பார்க்கவாவது கரைக்கு வருவார்கள். வந்தவர்கள் நதியைப் பார்ப்பார்கள் என்று அவர் கணக்கிட்டார். நாடு யுத்தத்தில் எரிய, பாய்க்கப்பல் விளையாட்டு எதற்கு என்று நண்பர்களே குறைகூறினர். கரையோர ஊர்கள் சிலவோ இது பொதுவுடைமைக்காரரின் கப்பல் என ஐயுற்றன. கச்சேரி மேல் கச்சேரி வைத்துப் பணம் சேர்த்தார்கள். 'தெளிநீர்' எனப் பொருள்படும் 'கிளியர்வோட்டர்' என்னும் அக்கப்பல், நூற்றாறு அடி நீளமுடையதாய், 1969 மே மாதத்தில் மெயின் மாநிலத்து வள்ளக்கட்டுத் துறையிலிருந்து நீரில் இறங்கியது. அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் வாஷிங்ரனில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் யுத்த எதிர்ப்புக்காகக் கூடியபோது, அவர்களைப் பாட வைத்தவரும் சீகரே.

கப்பல் துறைதோறும் நின்றது. பிள்ளைகள் ஏறினர், பாய்க்கயிற்றைச் சேர்ந்திழுக்கப் பாட்டுத் துணை நின்றது, வலையை இறக்கி, ஏறி வந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தனர். இதற்கிடையில் 1966 இல் மீனவர்கள் அமைத்த சங்கம், கப்பற் போக்குவரத்துள்ள நீரிற் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் 1899 ஆம் ஆண்டுப் பழஞ்சட்டம் ஒன்றைத் தேடியெடுத்து, கழிவு கொட்டியோரை மன்றுக்கு இழுத்தது. 1972 இல் நாடு முழுவதற்குமான தூயநீர்ச் சட்டம் நிறைவேறியது. மீனவரின் வழக்கில்லாமற் பாட்டு வெறும் காற்று. பாட்டு இல்லாமல் வழக்கு ஒருவரும் அறியாத கடதாசிக் கட்டு.

எல்லாம் இனிதே முடிந்துவிடவில்லை. மேல் நதிக்கரையில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் இரு ஆலைகள், 1947 இலிருந்து 1977 வரை பீ.சீ.பீ. எனப்படும் நச்சு இரசாயனத்தை நதியில் விட்டிருந்தன. அதன் அளவு பதின்மூன்று இலட்சம் இறாத்தல் வரை இருக்கலாம் என மதிக்கப்பட்டது. 1976 இல் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. நதியை ஒருநாளும் கெடுக்காத மீனவர்களே முதலிற் பிழைப்பை இழந்தனர். சட்டம், வழக்கு, ஆராய்ச்சி எனக் காலம் இழுபட்டு, நதியடிச் சேற்றை அகழும் வேலை தொடங்கியது 2009 இலேதான். ஆறாண்டு நீடித்த அவ்வேலையில் இருபத்தேழு இலட்சம் கன யாருக்கு மேற்பட்ட சேறு அகற்றப்பட்டது. மேல் நதியின் மீனை உண்ணலாகாது என்ற அறிவுறுத்தல் இன்னும் நீக்கப்படவில்லை.

முதுமையிலும் சீகர் ஓயவில்லை. ஈராக் யுத்த காலத்தில், எண்பது வயதைக் கடந்த அக்கிழவர், ஊர்ப் பெருந்தெருவோரத்திற் சமாதானம் என்று எழுதிய அட்டையை ஏந்தி நின்றதைப் பலர் கண்டனர். 2014 சனவரியில், தொண்ணூற்று நான்காம் வயதில், அவர் காலமானார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், பீக்கன் கரையோரத்தில், அவரும் ஊரவரும் முயன்று நதிக்குள்ளேயே ஒரு சிறு நீச்சற்றடாகத்தை அமைத்திருந்தனர். அதற்குச் சுவர் இல்லை, அடித்தளம் வலையாலானது; உள்ளே இருப்பது ஹட்சனின் நீரேதான். கோடைகாலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் இறங்கி நீராடுகிறார்கள்.