தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வக்கீலின் சரிதம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் வக்கீலாகவும் சட்டசபை அங்கத்தினராகவும் விளங்கிய தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்பாரின் சரிதமாகும். கடல் கடந்த தேசத்து வக்கீல் ஒருவரின் வாழ்க்கை நமக்கு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணலாம். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு யார் பணம் கொடுப்பது, அப்பணத்தை எவ்விதம் கொடுப்பது என்னும் இரண்டு கேள்விகள் நம்மைப் போன்ற சங்கங்களின் முன் வருஷந்தோறும் வந்து நிற்கின்றன. அவ்விரண்டிற்கும் 1835-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டசபையில் நின்று விடை கூறியவர் இவர். ஆதலின் இவர் சரிதம் நமக்கு அயலானதன்று.

ஸ்டீவன்ஸ் 1792-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி வெர்மாண்ட் ராஜ்யத்திலுள்ள டான்வில் என்னும் ஊரில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு பாதம் வளைந்திருந்தது. செருப்புத் தைக்கும் தொழில் செய்த தகப்பனார் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். நான்கு ஆண்மக்களையும் வளர்க்கும் பாரம் ஸாரா என்னும் தாயாரின் தலைமேல் விழுந்தது. நொண்டிப் பிள்ளை ஏர் பிடித்துப் பிழைத்தல் அரிது, இவனுக்குக் கல்வியே கதி என்று அவ்வம்மையார் நிச்சயித்து, நல்ல பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கற்ற பிள்ளை டார்ட்மவுத் கலாசாலையிற் சேர்ந்து 1814-ஆம் வருஷத்தில் தேறினார். பிற்காலத்தில் பொருளீட்டியபோது தாயாருக்கு ஒரு பண்ணையை வாங்கிக் கொடுத்தார். அன்றியும், தம் மரணசாஸனத்தில் தாயாரின் சமாதியைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கி, வசந்தகாலந்தோறும் அதன் நான்கு மூலைகளிலும் ரோஜாச் செடிகள் நடவேண்டும் என்று எழுதிவைத்தார். நாவினாற் பலரைச் சுட்டவர் என்று பெயரெடுத்த மனிதரின் நெஞ்சம் இத்தகையது.

கலாசாலையை விட்டபின் அவர் பென்ஸில்வேனியாவிலுள்ள யார்க் நகரம் சேர்ந்து, ஓர் உபாத்தியாயராயிருந்துகொண்டே சட்டம் பயின்றார். வேறு தொழில் பார்த்துக்கொண்டு சட்டம் படிப்போருக்கு இடமில்லை என்று அவ்விடத்து வக்கீல்கள் ஒரு விதி செய்திருந்தனர். ஸ்டீவன்ஸ் மனந்தளராது பக்கத்து ராஜ்யமாகிய மேரிலாண்டுக்குச் சென்று பரீக்ஷை கொடுத்துச் சன்னது பெற்று, 1816-ஆம் வருஷத்தில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். உள்நாட்டு யுத்தத்தில், 1863-ஆம் வருஷத்தில், பெரும்போர் நிகழ்ந்து உலகறிந்த அதே கெட்டிஸ்பர்க்தான் அது. சில வருஷங்களுக்குள் அந்த ஜில்லாவில் அவருக்கு நிகரான வக்கீல் இல்லை என்னும் நிலை உண்டாயிற்று.

இனி நாம் சொல்லப்போவது அவருடைய கீர்த்திக்கு ஒவ்வாதது. ஆயினும் அதை மறைத்துச் சொல்லும் சரிதம் சரிதமாகாது. பென்ஸில்வேனியா ராஜ்யம் 1780-ஆம் வருஷத்திலேயே அடிமைத்தனத்தைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. பிற ராஜ்யத்தார் தம் அடிமையைக் கொண்டுவந்து 6 மாதம் இந்த ராஜ்யத்தில் வைத்திருந்தால் அந்த அடிமை விடுதலை பெறலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மேரிலாண்டைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் என்னும் கறுப்புப் பெண்மணி, தம்மை எஜமானர் பலமுறை இங்கே கொண்டுவந்த நாட்களையெல்லாம் கூட்டினால் 6 மாதத்துக்கு மேலாகும், ஆதலால் தாமும் தம் மக்களும் சுதந்திரர் என்று வழக்காடினார். எஜமானர் பக்கம் நின்று வாதாடியவர் நம் ஸ்டீவன்ஸ். 6 மாதமும் இடைவிடாது தொடர்ந்திருக்க வேண்டும் என்று அவர் சட்டத்தின் சொற்களைப் பிடித்து வாதித்தார். 1821-ஆம் வருஷத்தில் நியாயஸ்தலம் அதை ஏற்றுக்கொண்டது. வக்கீல் ஜயித்தார், தாயும் மக்களும் மீண்டும் அடிமைத் தளைக்குட் போயினர்.

இரண்டு வருஷம் கழித்து, 1823-ஆம் வருஷத்துச் சுதந்திர தின விருந்தில், மனிதனுக்கு ஒருகாலும் விலங்கு பூட்டாத ஒருவரே அடுத்த ஜனாதிபதியாக வேண்டும் என்று அவர் வாழ்த்துக் கூறினார். அந்நாள் முதல் இறக்கும்வரை அவர் அடிமைத்தனத்தின் பரம விரோதியாகவே இருந்தார். அந்த வழக்கின் ஜயமே அவர் மனத்தைச் சுட்டதோ என்று நாம் ஊகிக்கலாம். தான் செய்த ஒரு தவற்றின் எதிர்த்திசையிலேயே ஒருவன் வாழ்நாளெல்லாம் நடந்து காட்டுவானாயின், அதைவிட மேலான பிராயச்சித்தம் வேறு யாது?

1833-ஆம் வருஷத்தில் ஸ்டீவன்ஸ் பென்ஸில்வேனியா ராஜ்யப் பிரதிநிதி சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் அங்கே ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென்று 1809-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அமலில் இருந்தது. அதன்படி, பெற்றோர் தம்மை ஏழைகளென்று அதிகாரிகளிடம் பதிவு செய்துகொண்டால் அவர்தம் பிள்ளைகளுக்குச் சம்பளத்தை ராஜாங்கம் கட்டும். இதனால் விளைந்தது என்ன? மானமுள்ள ஏழைகள் அந்தப் பட்டியலில் தம் பெயரை எழுதிக்கொள்ளக் கூசினர். எழுதிக்கொண்டவர்களின் பிள்ளைகளோ பள்ளியில் தருமப் பிள்ளைகள் என்று மற்றப் பிள்ளைகளின் ஏளனத்துக்கு ஆளாயினர். இதை மாற்றி, எல்லார் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் இலவசமாய்ப் படிக்கவும், அதற்காகச் சொத்துடையோர் வரி கொடுக்கவும் 1834-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் பிறந்தது. கவர்னர் உல்ஃப் என்பார் அதற்கு ஊக்கமளித்தார்.

வரி என்றவுடன் ஊரெங்கும் கூக்குரல் எழுந்தது. எங்களுக்குப் பிள்ளையில்லை, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்றனர் சிலர். எங்கள் மதத்தார்க்குத் தனிப் பள்ளி இருக்கிறது, பிறர் பள்ளிக்கு நாங்கள் ஏன் கொடுப்பது என்றனர் வேறு சிலர். சட்டத்தை ரத்து செய்யும்படி ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுக்கள் வந்து குவிந்தன. மேற்சபை ரத்துக்கு இசைந்துவிட்டது. கீழ்ச்சபையும் இசைந்துவிடும் என்றே யாவரும் எண்ணினர்.

இந்த நிலையில், 1835-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி ஸ்டீவன்ஸ் ஹாரிஸ்பர்க் நகரத்துச் சபையில் எழுந்தார். அவர் கூறியவற்றின் சாரம் இது: குடியானவன் நியாயஸ்தலத்துக்கும் சிறைச்சாலைக்கும் வரி கொடுக்கிறான், அவன் வாழ்நாளில் அவற்றுள் அடியெடுத்து வைக்காமலே போகலாம். ஆயினும் கொடுக்க மறுப்பதில்லை. குற்றவாளியைத் தண்டிக்கக் கொடுப்பவன், குற்றவாளி உண்டாகாமல் தடுக்கும் கல்விக்குக் கொடுக்க ஏன் மறுக்க வேண்டும்? ரத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்படும் ஏற்பாடு, ஏழைகளைச் செல்வரினின்றும் பிரித்தறியச் சூடு போட்டு வைக்கும் சட்டமாகும். பிறப்பினால் வரும் உயர்வு தாழ்வே வெறுக்கத்தக்கது. வறுமையை வைத்து வகுக்கும் உயர்வு தாழ்வு அதனினும் கொடியது. இவ்வாறு அவர் பேசினார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கவர்னர் உல்ஃப் அவருக்கு அரசியலில் எதிர்க்கட்சிக்காரர். இருவரும் ஒருவரையொருவர் கடுமையாய்த் தாக்கி வந்தவர்கள். அத்தகைய எதிரியை, கல்விச் சட்டத்தைக் காத்து நின்றமைக்காக ஜனங்களின் அழியாத நன்றிக்குரியவர் என்று சபை நடுவே புகழ்ந்தார். தம் தொகுதியாரிற் பலர் ரத்தையே விரும்பினர் என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. அன்றைய பிரசங்கத்தினால் சபையின் மனம் மாறிற்று. ரத்து மசோதா வீழ்ந்தது. சட்டம் சில திருத்தங்களோடு நிலைபெற்றது. பென்ஸில்வேனியாவின் பொதுப் பாடசாலைகளுக்கு இதுவே கால்கோள் ஆயிற்று. வாழ்நாளிற் செய்தவற்றுள் இதையே அவர் பெரிதாகப் பாராட்டினார் என்பர்.

1837, 1838-ஆம் வருஷங்களில் அந்த ராஜ்யத்தின் அரசியல் சாஸனத்தைத் திருத்த மகாநாடு கூடியது. அதில் ஸ்டீவன்ஸும் ஓர் அங்கத்தினர். வோட்டுரிமை வெள்ளையருக்கே என்று புதிய சாஸனத்திற் சேர்த்தனர். முடிவில் அங்கத்தினர்கள் கையொப்பமிட்டபோது அவர் கையொப்பமிட மறுத்துவிட்டார். அந்த மறுப்பினாற் சாஸனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எனினும் பிறர் உரிமையைப் பறிக்கும் ஏட்டில் தம் பெயர் இராது என்று அவர் நின்றார்.

குறைகளும் அவரிடம் உண்டு. சூதாட்டத்திற் பிரியமுள்ளவர். கட்சிச் சண்டையில் எல்லை கடந்தவர். 1838-ஆம் வருஷம் ஹாரிஸ்பர்க்கில் தேர்தல் கலகம் மூண்டபோது சபாமண்டபத்தின் ஜன்னல் வழியே குதித்துத் தப்ப நேர்ந்தது. ராஜ்யப் பணத்தில் போடத் தொடங்கிய ரயில் பாதை ஒன்று அவருடைய இரும்பாலைப் பக்கம் வளைந்து வளைந்து சென்றதைக் கண்டு, அதை நாடாப்புழு என்று ஜனங்கள் பரிகசித்தனர். இவற்றையும் சேர்த்தே மனிதரை எடைபோட வேண்டும்.

1842-ஆம் வருஷத்தில் கடன் சுமையோடு லங்காஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து வக்கீல் தொழிலை நடத்தினார். 1851-ஆம் வருஷத்தில் கிறிஸ்டியானா என்னும் ஊரில், ஓடிவந்த அடிமைகளைப் பிடிக்கச் சென்ற மேரிலாண்டு எஜமானர் ஒருவர் கைகலப்பில் மாண்டார். அடிமைகளைப் பிடிக்க உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே என்பார்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவருக்காக ஆஜரான வக்கீல்களுள் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரிமார் கால் மணி நேரத்துக்குள் நிரபராதி என்று தீர்ப்புக் கூறினர். 30 வருஷத்துக்கு முன் மேரிலாண்டு எஜமானர் பக்கம் நின்று தாயையும் மக்களையும் தோற்கடித்த அதே வக்கீல், இன்று எதிர்ப்பக்கம் நின்றார்.

அதன்பின் ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ் சபையில் அவர் ஆற்றிய பணி பெரிது. சுருங்கச் சொல்லி அமைவோம். உள்நாட்டு யுத்தத்தின்போது வரவுசெலவுக் கமிட்டியின் தலைவராயிருந்தார். 1863-ஆம் வருஷத்தில் எதிரிப் படையினர் அவருடைய இரும்பாலையைக் கொளுத்தினர். அடிமைத்தனத்தை ஒழித்த 13-ஆவது திருத்தத்துக்கும், சட்டத்தின் முன் சமத்துவத்தை வகுத்த 14-ஆவது திருத்தத்துக்கும் அவர் பெரிதும் உழைத்தார். 14-ஆவது திருத்தம் 1868-ஆம் வருஷம் ஜூலையில் உறுதிபெற்றது. ஆகஸ்டு 11-ந் தேதி, தம் 76-ஆம் வயதில், அவர் காலமானார். பாராளுமன்ற மண்டபத்தில் அவருடலை வைத்தபோது கறுப்பு வீரர்கள் காவல் நின்றனர்.

லங்காஸ்டரில் பெயர்பெற்ற மயானங்கள் இருந்தன. அவற்றின் விதிகளோ கறுப்பு மக்களுக்கு இடமளிக்கவில்லை. எல்லாரையும் ஏற்ற சிறியதொரு மயானத்தையே ஸ்டீவன்ஸ் தமக்கெனத் தேர்ந்துகொண்டார். தனிமையில் விருப்பம் வைத்து இங்கே கிடக்கவில்லை, படைத்தவன் முன் மனிதர் யாவரும் சமம் என்று உயிரோடிருந்தபோது சொன்னதை இறந்தும் காட்டவே இங்கே கிடக்கிறேன் என்னும் கருத்தமைய, கல்லில் பொறிக்கவேண்டிய வாசகத்தையும் தாமே எழுதிவைத்தார். அநாதைப் பிள்ளைகளுக்கென்று மரணசாஸனத்தில் அவர் குறித்த பணம், இனமோ நிறமோ பாராது கல்வி தரவேண்டும் என்ற நிபந்தனையோடு, 1905-ஆம் வருஷத்தில் லங்காஸ்டரில் ஒரு தொழிற்கல்விச் சாலையாய் உருப்பெற்றது. இன்றும் அது அவர் பெயரைத் தாங்கி நடைபெறுகிறது.

சகோதரர்களே! சுடுகாட்டிலும் பிறப்பைப் பார்க்கும் வழக்கம் நம் பக்கத்துப் பல ஊர்களில் இன்னும் இருப்பதை நாம் அறியாதவரல்லோம். ஆதலால் அந்தக் கல்லின் வாசகம் நம்மை நோக்கியும் பேசுகிறது.

இச்சரிதத்தினின்று நம் காரியத்துக்கு உதவும் மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறோம். தம் பிள்ளைகள் படித்து முடித்தவுடன் கல்வி நிதிக்குச் சந்தாவை நிறுத்திவிடும் அன்பர்கள், வாசற்படி மிதியாத சிறைச்சாலைக்கு வரி கொடுத்த அக்குடியானவனை நினைக்க வேண்டும். இரண்டாவது, உபகாரச் சம்பளம் கொடுக்கும் நாளில் ஏழைப் பிள்ளையை மேடையேற்றி, தகப்பன் படும் கஷ்டத்தைச் சபையறியச் சொல்லி, அதன் கையில் பணத்தைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதுவும் ஒரு சூடுதான். கொடுப்பதைப் பிறரறியாது தபாலில் அனுப்பினால் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து படிக்கும். மூன்றாவது, நம்மவரல்லாத ஒரு பிள்ளை புத்தகத்துக்கு வழியின்றி நம் வாசலில் வந்து நிற்குமாயின், விதிப்புத்தகத்தைப் புரட்டுவதா, பணப்பெட்டியைத் திறப்பதா என்பதை இந்தச் சபையே தீர்மானிக்க வேண்டும். நம்முடைய கருத்து யாதென்று நீங்கள் இதற்குள் அறிந்திருப்பீர்கள்.