ஆய்வேடும் அங்காடியும்



பொரளைக்கு அண்மையில், பௌத்தாலோக மாவத்தையில், விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் இயங்கியதை அறிவீர்கள். அது தோன்றியது 1955இல். ஆராய்ச்சி தொழிலாக வேண்டும் என்பது நமக்குப் புதிய எண்ணமன்று. மாணவனுக்கோ பொருளைச் செய்யக் கற்பிக்கிறோம். யார் வாங்குவார் என்று கேட்கக் கற்பிப்பது அருமை. அவனுடைய இறுதியாண்டு ஆய்வு பரீட்சகர் கையில் ஏறியிறங்கி, நூல்நிலைய அலுமாரியில் உறங்கப் போய்விடுகிறது.

சென்னையைப் பாருங்கள். அங்கே ஐ.ஐ.டி.யில் கற்ற தருண் மேத்தா, சுவப்னில் ஜெயின் என்னும் இருவர், மின்சார ஸ்கூட்டருக்கு நல்ல மின்கலம் செய்து விற்க எண்ணினர். வண்டி வைத்திருந்தோரை விசாரித்தபோதுதான் குறை மின்கலத்தில் மட்டுமன்று, வண்டியிலேயே என்று தெரிந்தது. வண்டியையே செய்யத் துணிந்தனர். 2013இல் ஏத்தர் கம்பனி பிறந்தது. வண்டி பெங்களூரில் விலைக்கு வந்ததோ 2018இல்.

ஐந்து ஆண்டுகள்! அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? தொடக்க நாளில் கல்லூரியின் வளர்ப்பகம் அவர்களைத் தாங்கிற்று. நம் பெற்றோர் அரசாங்க உத்தியோகத்தையே நாடுவதில் வியப்பில்லை. சம்பளமில்லாத மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்?

என் கோரிக்கை சிறியது. ஆய்வைத் தொடங்குமுன் மாணவன் அப்பொருளை வாங்கக்கூடிய பத்துப் பேரைத் தேடிச் செல்லட்டும். வெள்ளவத்தைக் கடைக்காரரும் கொட்டாஞ்சேனைப் பட்டறைக்காரரும் சொல்வதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாக எழுதட்டும். பேராசிரியர்கள் அதற்கும் புள்ளி இடட்டும்.